தூண்டிலை முறித்துப் போட்ட அப்பாவுக்கு

மலைச்சரிவு இறங்கிப் போய் மீன் பிடித்து வந்த, பிறகு மீன் என்ற பேச்சையே வாயில் எடுக்காமல் இருந்துவிட்டுப் போன என் அப்பா,

நலமா என்று உங்களைக் கேட்பதில் அர்த்தமில்லை. உங்களுக்கு இனி நெஞ்சு வலியும் இல்லை, விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்கு ஓடி அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டியதும் இல்லை. நலமாகத்தான் இருப்பீர்கள். எனக்குத்தான் சில நாட்களாக மனம் ஒரு நிலையில் இல்லை. நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

முதலில் நீங்கள் அறியாத செய்திகள். சண்டை நின்றிருக்கிறது. இனி வராது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் வடக்குக்குப் பாதை திறந்துவிட்டார்கள். பதுளையிலிருந்து கொழும்பு போகும் ரயிலில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடியே தூங்குவீர்களே, இப்போது அதைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத் தூங்கலாம். அடுத்த செய்தி, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் பெயர் சாந்தி.

சாந்தி பக்கத்துத் தோட்டத்துப் பெண். இப்போது நம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகள் அவள் இடுப்பில் இருக்கும். சொந்தப் பிள்ளை இரண்டு முறை தங்கவில்லை, அப்பா. இரண்டும் ஆரம்ப மாதங்களிலேயே போய்விட்டன. இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம். பதுளை டொக்டர், முந்திய இரண்டும் போனதால் இந்த முறை வலியோ வேறு எதுவோ தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

கண் படும் என்று அம்மா யாரிடமும் மாதக் கணக்கைச் சொல்ல விடுவதில்லை. உங்களிடம் சொன்னால் கண் படாது என்றுதான் நினைக்கிறேன்.

நான் பண்டாரவளையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறேன். பழைய துரை பங்களாதான். வெளிநாட்டுக்காரருக்குச் சாப்பாடு பரிமாறத் தொடங்கி, இப்போது அவர்களை மலைக்கும் அருவிக்கும் கூட்டிப்போய்க் காட்டுகிற அளவுக்கு வந்திருக்கிறேன். என் ஆங்கிலத்தைக் கேட்டால் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள், ஆனால் அவர்களுக்குப் புரிகிறது. மாதத்தில் இரண்டு முறைதான் மடுல்சீமையில் நம் வீட்டுக்கு வர முடியும். சாந்தியும் அம்மாவும் தோட்டத்து வரிசை வீடுகளில், நம் லயத்துக் காம்பராவிலேயே இருக்கிறார்கள்.

பாதை திறந்ததும் எங்கள் முதலாளியால் சும்மா இருக்க முடியவில்லை. மன்னார்த் தீவின் கோடியில், கடலோரமாக ஒரு பழைய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து லொட்ஜ் ஆக்கிவிட்டார். மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை, சுற்றிலும் பனையும் மணலும்தானாம். வெள்ளைக்காரருக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்குமாம். அங்கே தங்கி, ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்ட, படகில் போய்ப் பாரை, சீலா மீன்கள் பிடிப்பார்கள். முதல் கூட்டமாக இங்கிலாந்திலிருந்து நாலு பேர் வருவதாக ஏற்பாடு. பத்து நாள் அவர்கள் கூடவே இருந்து எல்லாவற்றையும் கவனிக்க என்னைப் போகச் சொன்னார்.

"சரியா நடத்திக் காட்டுனீன்னா அந்த எடத்துக்கு நீதான் பொறுப்பு. பின்னால ரெண்டு ரூம் இருக்கு, குசினி இருக்கு, தனி கக்கூஸ் இருக்கு. பொண்டாட்டியையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போயிரு" என்றார் முதலாளி.

ஒரே காம்பராவில் சமைத்து, தூங்கி, சாமி கும்பிட்டு, அங்கேயே வயதாகிப்போன உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்த இரண்டு அறைகளில் எதை எங்கே வைப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். மன்னார் என்றதும் உங்களுக்கு உங்கள் அண்ணன் ஞாபகம் வரும். பெட்டி படுக்கையோடு அவர் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது அந்தப் பக்கத்தில்தானே. அங்கே போய்த் திரும்பி வந்தவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை.

ஆயத்தம் என்றால் கொஞ்ச நஞ்சம் இல்லை. நுளம்பு வலை, தொப்பி, வெயிலுக்குப் பூசுகிற களிம்பு, ஐஸ் பெட்டி, தண்ணீர்க் கலன் என்று பங்களாவின் ஒரு அறையே நிறைந்துவிட்டது. தூண்டில் தடிகள் நீளக் குழாய்களில் வந்தன. சோதனைச் சாவடியில் துவக்கு என்று நினைத்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு குழாயிலும் மீன் படம் ஒட்டச் சொன்னார் முதலாளி. நானும் உட்கார்ந்து ஒட்டினேன்.

விருந்தாளிகளுக்கு முன்னால் முழிக்கக் கூடாது என்று, பங்களாப் புல்தரையில் நூல் வீசிப் பழகினோம். நானும், சமையல்கட்டில் வேலை செய்யும் ரவியும். கொக்கிக்குப் பதில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி வீச வேண்டும். என் முதல் வீச்சு முதலாளியம்மாவின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலையில் போய்ச் சுற்றிக்கொண்டது. ரவிக்கு உடனே வந்துவிட்டது, எனக்கு நூல் நேராகப் போகவே சில நாள் ஆயிற்று. நீங்கள் வெறும் மூங்கில் கழியில் நூலைக் கட்டி ஜப்பான் மீன் பிடித்துக் குவிப்பீர்களாமே. அந்தக் கை எனக்கு வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இத்தனையும் செய்து பிடிக்கிற மீனை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். கொக்கியைக் கழற்றி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, திரும்பவும் தண்ணீரில் விட்டுவிடுவார்களாம். லயத்தில் இதை யாரும் நம்பவில்லை. சாந்தி மட்டும், "அப்ப அந்த மீனுக்கு அரைப்பேராவது போடுவாங்களா?" என்று கேட்டாள். அரைநாள் வேலைக்கு அரைக் கூலி எழுதுகிற நம் தோட்டத்துப் பேச்சு இன்னும் மாறவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா சிரிக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"புள்ளத்தாச்சி ஊட்ல இருக்கிறப்ப புருஷங்காரன் உசிரக் கொல்லக் கூடாது. தெரியாதா ஒனக்கு?"

"நான் எங்கம்மா கொல்லப் போறேன்? அவங்கதான் புடிக்கிறாங்க. புடிச்சதையும் விட்டுர்றாங்க."

"வாயில கொக்கி குத்துனா கொன்ன மாதிரிதான். ஒங்கப்பா செஞ்சது பத்தாதா இந்த ஊட்டுக்கு?"

உங்களை அம்மா அந்தக் குரலில் இழுத்தால் அதற்கு மேல் நான் பேச மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாந்தி அடுப்பைப் பார்த்தபடி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்குப் புரிய வேண்டுமே, அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிற நேரம். அதற்கு முந்தின நாள் வரை கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் கொழுந்தெடுத்தாள். இலேசான வேலை கேட்டதற்குக் கங்காணி கையை விரித்துவிட்டார். ஞாயிறு காலை நீங்கள் கழியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினீர்கள். நீங்கள் போன பிறகு அம்மாவுக்கு வலி எடுத்தது. மருத்துவிச்சியை அழைத்துவர நான் மேல் லயத்துக்கு ஓடினேன், உங்களைத் தேடி வேறு ஆள் கீழே ஓடியது. தோட்டத்து லொறி பசறைக்குப் போயிருந்தது. அது எப்போதோ திரும்பி வந்து, அம்மாவை ஏற்றி, பதுளைக்குப் போய்ச் சேருவதற்குள் பிள்ளை போய்விட்டது. பெண் பிள்ளை.

"மீன் புடிச்ச பாவம் புள்ளைய அடிச்சிருச்சு" என்று லயம் முழுக்கச் சொன்னது. நீங்கள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கழியை முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் போட்டீர்கள்.

அதோடு நம் வீட்டில் மீன் இல்லை, கருவாடு இல்லை. வருடம் தவறாமல் மாலை போட்டுக்கொண்டு கதிர்காமத்துக்கு நடந்தீர்கள், காலெல்லாம் வெடித்துத் திரும்பி வந்தீர்கள். கடைசியாகப் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி பாவம் பார்த்து மீன் சூப் கொண்டுவந்து நீட்டினாள். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அன்று எனக்கு உங்கள் மேல் எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? லொறியைப் பசறைக்கு அனுப்பியவர் மீன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கையை விரித்த கங்காணி நிறுத்தவில்லை. நீங்கள் ஒருவர்தான் நிறுத்தினீர்கள். எல்லோருடைய பாவத்தையும் ஒரு மூங்கில் கழியில் கட்டி, நீங்களே சுமந்துகொண்டு போய்விட்டீர்கள். நோய்ப்படுக்கையில் கிடந்த மனிதனிடம் சண்டை போட முடியாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இப்படி வாய் கிழியப் பேசுகிறவன் என்ன செய்தேன் என்று கேளுங்கள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாம் செய்தேன். கோயில் பூசாரியிடம் போய்ப் பரிகாரம் கேட்டேன். உயிர் மீன் வாங்கி ஆற்றில் விடச் சொன்னார். வெள்ளைக்காரரும் அதைத்தானே செய்கிறார்கள் என்று மனதுக்குள் சிரித்தேன், ஆனால் ஆறுமுகன் பேரில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கவும் செய்தேன்.

பிறகு முதலாளியிடம் போய், கொக்கியையும் இரையையும் நான் தொட மாட்டேன், அந்த வேலைக்கு ரவியையும் என்னோடு அனுப்புங்கள் என்று கேட்டேன். "தூண்டிலத் தொடாம மீன் புடிக்கப் போற மொத ஆளு நீதாண்டா" என்று சிரித்தார். சிரித்தாலும் ஒத்துக்கொண்டார். படகில் நான் முன்பக்கம் பார்த்து உட்காருவது, மீன் மாட்டினால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றுகூட எனக்கு நானே ஏற்பாடு செய்துகொண்டேன். சாந்திக்கும் பிள்ளைக்கும் வேண்டியதை எல்லாம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

மன்னாரில் படகு ஓட்டி வழிகாட்டப் போகிறவர் சூசை என்பவர். லொட்ஜில் போன் இல்லாததால், டவுனில் ஒரு கடைக்கு அவரை வரவழைத்துத்தான் முதலாளி பேசுவார். பயணத்துக்குச் சில நாள் இருக்கும்போது என்னையும் பேச வைத்தார். ஐஸ் எங்கே வாங்குவது, இரைக்கு இறால் கிடைக்குமா, காற்று எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். கடைசியில் தயங்கித் தயங்கி என் வீட்டுக் கதையையும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் பெரிதாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி சொல்லுறீங்கள்? அப்பிடிப் பார்த்தா, ஒரு பிள்ளை பிறக்கிறதுக்குள்ள எங்கட ஊர் முழுக்கப் பட்டினி கிடக்கோணும். எனக்கு அஞ்சு பிள்ளையள். அஞ்சும் வயித்தில இருக்கேக்க நான் தொழிலுக்குப் போனனான்."

"அப்ப நீங்க எதுவுமே பாக்க மாட்டீங்களாண்ணே?"

"ஏன் பாக்காமல்? மனிசிக்கு மாசம் ஏறினா ஆழத்துக்குப் போறேல்ல. கரையோட நிண்டுதான் வலை போடுறது. வீட்டில இருந்து ஆள் வந்து கூப்பிட்டாக் காது கேக்கோணும். மீன் குறைவாத்தான் படும், அதுக்கு என்ன செய்யிறது?" பிறகு கேட்டார்: "உங்கட வீடு எவ்வளவு தூரம் தம்பி? அங்க ஏதும் எண்டா இஞ்ச உங்களுக்கு ஆர் சொல்லுறது?"

நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அதற்கு அடுத்த நாள், சொல்லிக்கொண்டு போவதற்காக வீட்டுக்கு வந்தேன். இந்தப் பருவ மழையில் நம் தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில் உள்ள சின்னப் பாலம் உடைந்துபோய்க் கிடக்கிறது. பஸ் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். மரப் பலகை போட்டிருக்கிறார்கள், ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்து பிறகு மேலே ஏற வேண்டும். எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறேன், சப்பாத்து சேறாகிறதே என்று திட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் பலகையின் நடுவில் கொஞ்சம் நின்றேன்.

சாந்தி வாசலில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"நான் போறதுல ஒனக்கு என்னா பயம்? உண்மையச் சொல்லு. மீனா?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மீனுக்கு நான் ஏன் பயப்படறேன்? எனக்குப் பாலத்துக்குத்தான் பயம்."

"ஏன் சொல்லல?"

"கேட்டீங்களா? கொக்கியத் தொடலாமா, தொடக் கூடாதா, பூசாரி என்னா சொன்னாரு, ரவி வருவானா... நீங்களும் அத்தையும் பேசுனதெல்லாம் மீனப் பத்தித்தான். டொக்டர் ஒடனே கொண்டாரணும்னாரு. திடீர்னு வலி வந்துச்சுன்னா இந்தப் பலகையில என்னைய யாரு தூக்கிட்டுப் போறது? அத்தையா? நீங்க மன்னாருல படகுல இருப்பீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு ரூமுன்னு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டீங்க. அதக் கெடுப்பானேன்னு இருந்தேன்."

உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. வெளியே வந்தாள். கையில் ஈரம். சாந்தியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நானும் கூப்பிட்டேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீ மருத்துவச்சியத் தேடிப் போனப்ப. இதே வாசல்ல நின்னு அவரத்தான் கத்திக் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அந்த ஆத்துச் சத்தத்துல எங்க கேக்கப் போவுது? லொறி வந்திருந்தாலும் வராட்டியும், புள்ள பொழச்சிருந்தாலும் பொழைக்காட்டியும், அந்த நேரம் அவரு பக்கத்துல இல்லியேன்னுதான் எனக்கு. அதுதான் இன்னைக்கும் இருக்கு."

"நீயும்தானம்மா மீன் பாவம்னு சொன்ன? எங்கிட்டயே சொன்னியே."

"சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது? லொறியச் சொன்னா யாருகிட்டப் போய் நியாயம் கேக்கிறது? மறுநா வேலை குடுக்க மாட்டான். புருஷன் இல்லாமப் போயிட்டான்னு சொன்னா இந்த லயம் அவரக் காறித் துப்பும். மீன் மேல போட்டா மீன் வந்து ஏன்னு கேக்கவா போவுது?" முந்தானையில் கையைத் துடைத்தாள். "அவரு என்னடான்னா அதையே புடிச்சுக்கிட்டாரு. மாலையப் போட்டுக்கிட்டு நடந்தாரு. கருவாடு வேணாம், மீன் வேணாம். நானா வேணாம்னேன்? தெனம் தெனம் அவரு தட்டப் பாக்கிறப்பல்லாம் எனக்கு அந்த நாளுதான் வரும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எங்கிட்ட வந்து ஒக்காந்து, 'நீ என்னையக் கூப்பிட்டியா'ன்னு கேட்டிருந்தார்னா நான் அழுது முடிச்சிருப்பேன்டா."

பிறகு அழுதாள். சாந்தி எழுந்து வர முடியாமல் கையை மட்டும் நீட்டி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா, இத்தனை வருடம் ஒரே காம்பராவில், ஒரே பாயில் படுத்து எழுந்தீர்கள். உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்தும் கேட்கப் பயந்தீர்களா? கதிர்காமம் வரை நடக்க முடிந்த உங்களுக்கு அடுப்படி வரை நடக்க ஏன் முடியாமல் போயிற்று? நான் குற்றம் சாட்டுவதாக நினைக்க வேண்டாம். நானும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தேன். மஞ்சள் துணி முடிந்துவிட்டு, பலகைப் பாலத்தில் அவளை விட்டுவிட்டுப் போக இருந்தேன்.

மறுநாள் காலையில் மடுல்சீமை டவுனுக்குப் போய் முதலாளிக்கு போன் பண்ணினேன். முதலில் அவர் மீன் பிரச்சினை என்றே நினைத்தார். "அதான் ரவி வர்றானேடா" என்றார். இல்லை முதலாளி, தூரம்தான் பிரச்சினை என்றேன். "இது மாதிரி சான்ஸ் இனி வராது. ரவி நல்லா நடத்துனான்னா அந்த எடம் அவனுக்குத்தான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத" என்றார். சரி என்றேன். பண்டாரவளையில் என் பழைய வேலை இருக்கிறது, அதை என்னிடமிருந்து பறிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அன்றே இருவரையும் பதுளைக்குக் கூட்டி வந்துவிட்டேன். பலகையில் சாந்திக்கு முன்னால் நான் பின்பக்கமாக நடந்தேன், அவள் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு வந்தாள், பின்னால் அம்மா. நடுவில் சாந்தி, "மீன் மாதிரி என்னையும் திருப்பி விட்டுறாதீங்க" என்றாள். சிரிக்கிற இடமா அது? ஆனால் மூன்று பேரும் சிரித்தோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரிச் சுவர் தெரியும். நான் தினமும் பண்டாரவளைக்கு பஸ்ஸில் போய் மாலையில் திரும்பிவிடுகிறேன். கெஸ்ட் ஹவுஸ் நம்பரை அம்மா மனப்பாடம் செய்திருக்கிறாள், தெருமுனைக் கடையில் போன் இருக்கிறது.

நேற்று ரவியை அனுப்பி வைத்தேன். எல்லாவற்றையும் நானே வேனில் ஏற்றிக் கட்டினேன், படம் ஒட்டிய குழாய்களையும். சூசை அண்ணனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டான். நன்றி சொல்லு, காரணம் அவருக்குத் தெரியும் என்றேன். வேன் வளைவில் மறைகிற வரை நின்றேன். வயிறு எரிந்தது, அப்பா, பொய் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு அறைகளில் சாமி படம் எந்தச் சுவரில் என்றுகூட நான் முடிவு செய்து வைத்திருந்தேன். ரவி அடுத்த மாதம் கல்யாணம் பண்ணப் போகிறானாம்.

பயமும் போகவில்லை. நேற்று டொக்டர் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, இன்றோ நாளையோ வார்டில் சேர்க்கச் சொல்லலாம் என்றார். பக்கத்தில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? நீங்கள் அன்று வீட்டில் இருந்திருந்தாலும் தங்கச்சி பிழைத்திருப்பாளோ என்னவோ. எனக்கு இனித் தெரியப் போவதில்லை, உங்களுக்கும் தெரியாமலே போயிற்று.

இன்று காலையில் அம்மா என்னை எழுப்பி, "மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கியா. புள்ள ஆசையாக் கேட்டா" என்றாள். கேட்டது சாந்தியா, அம்மாவா என்று நான் விசாரிக்கவில்லை. சூடை மீன் வாங்கி வந்தேன். அம்மாவுக்குக் கை பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, செதில் உரிக்கும்போது விரலைக் கீறிக்கொண்டாள். புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. சாந்தி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் பிள்ளை எங்களுக்குத் தங்கட்டும், தங்காமல் போகட்டும். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். எது நடந்தாலும் மாலை போடுவதற்கு முன், எதையும் முறித்து அடுப்பில் வைப்பதற்கு முன், நான் சாந்தியிடம் போய் உட்காருவேன். என்னைக் கூப்பிட்டாயா என்று கேட்பேன். அவள் சொல்வது எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் எழுந்து போக மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். எங்களுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு, மீன் துண்டு இரண்டு வைத்து, ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள். இன்று உங்கள் திவசம் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. கும்பிடவும் இல்லை. தட்டை வைத்துவிட்டு, வேலையிலிருந்து வருகிறவரைப் பார்த்துச் சொல்வது போல, "வாங்க, ஆறிப்போகுது" என்றாள்.

அம்மா கூப்பிடுகிறாள். போங்கள் அப்பா.

உங்கள் மூத்த பிள்ளை,
கணேசன்
பதுளை